நாளாந்தப் பயணத்துக்கு ஏற்ற வண்டி

இலங்கையில் ஒரு குடும்பம் ஒரே நாளிற் பெருந்தொகைப் பணத்தைக் கைமாற்றும் சந்தர்ப்பங்கள் மிகச் சிலவே. காணி வாங்குதல், பிள்ளையின் கலியாணம், வீட்டுக்கு அத்திவாரம் இடுதல் என்பவற்றுக்கு அடுத்தபடியாக வருவது மோட்டார் வண்டி வாங்குதல். 2020 மார்ச்சு மாதத்தில் வண்டி இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்புருவரி முதலாந் திகதியே தனியார் வண்டிகளுக்கு மீண்டும் வழிவிடப்பட்டது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளாக நாட்டில் இருந்த பழைய வண்டிகளே திரும்பத் திரும்பக் கைமாறின. பல ஆண்டு ஓடிய வண்டி, வாங்கிய விலைக்கு மேலாக விலைபோன விந்தையும் அக்காலத்தில் நிகழ்ந்தது. கதவு திறந்தபோது சேமிப்பையும் கடனையும் சேர்த்துக் கையில் வைத்திருந்தவர்கள் முன் புதிய பெயர்கள் பல வந்து நின்றன. அவற்றுள் இரண்டு வகைகள் பலரின் மனத்தைத் தடுமாறச் செய்கின்றன. ஒன்று, வீட்டு மின்சாரத்தாலும் பெற்றோலாலும் ஓடும் பிளக்-இன் ஹைபிரிட். மற்றையது, சிறிய உருவமும் உயர்ந்த அடித்தளமும் கொண்ட எஸ்.யூ.வி. நாள்தோறும் கந்தோருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சந்தைக்கும் போய்வர வேண்டிய ஒருவர் இவற்றுள் எதைத் தெரிவது என்பதே இப்பேச்சின் பொருள்.

முதலிற் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்ளுதல் நன்று. ஹைபிரிட் வண்டி எனப்படுவதில் பெற்றோல் இயந்திரம் ஒன்றும் மின்மோட்டார் ஒன்றும் சேர்ந்து வேலை செய்கின்றன. வண்டியின் வேகம் தணிக்கப்படும்போது, வழமையாகத் தடைக்கட்டைகளில் வெப்பமாக வீணாகும் சக்தியை மோட்டாரே மின்சாரமாக மாற்றி மின்கல அடுக்கிற் சேமித்து, அடுத்த முறை வண்டி புறப்படும்போது திருப்பிக் கொடுக்கின்றது. டொயோட்டா நிறுவனம் 1997 டிசம்பரில் யப்பானில் விற்பனைக்கு விட்ட பிரியஸ் இவ்வகையில் பெருந்தொகையாக உற்பத்தி செய்யப்பட்ட முதல் வண்டி. இதன் மின்கல அடுக்கு மிகச் சிறியது. ஓர் அலகு அல்லது அதைச் சற்று அண்டிய அளவு மின்சாரமே அதிற் கொள்ளும். அலகு என்பது மின்சாரப் பட்டியலில் எழுதப்படும் அதே அலகு, அதாவது ஒரு கிலோவாற்று மணி. இவ்வண்டியைச் சுவரிற் செருகுவதற்கு வழியில்லை. அதன் மின்சாரம் முழுவதும் ஈற்றில் பெற்றோலிலிருந்தே வருவது.

பிளக்-இன் ஹைபிரிட் இதன் தம்பி. ஆயினும் உடல் பெருத்த தம்பி. மின்கல அடுக்கு பத்து மடங்கு, இருபது மடங்கு பெரியது. இரவில் வீட்டுச் சுவரிற் செருகி நிரப்பலாம். சீனாவின் பி.வை.டி. நிறுவனம் 2008 டிசம்பரில் இத்தகைய வண்டியைச் சந்தைக்குக் கொணர்ந்தது. எஸ்.யூ.வி. உருவில் பெயர்பெற்றது மிட்சுபிஷி அவுட்லாண்டர். 2013 சனவரியில் யப்பானில் வெளிவந்த அதன் முதற் பதிப்பு 12 அலகு கொள்ளும் மின்கல அடுக்கையும், 2021 இறுதியில் வந்த புதிய பதிப்பு 20 அலகு கொள்வதையும் உடையன. முன்னது மின்சாரத்தால் மட்டும் 60 கிலோமீற்றர் ஓடும் எனவும், பின்னது 83 கிலோமீற்றருக்கு மேல் ஓடும் எனவும் யப்பானியப் பரிசோதனைச் சாலை அளந்து கூறியது. பரிசோதனைச் சாலையில் மாடு குறுக்கே வருவதில்லை, குளிரூட்டி உச்சத்தில் ஓடுவதில்லை என்பதை நேயர்கள் நினைவில் இருத்துக.

இனி, சிறிய எஸ்.யூ.வி. இலங்கையில் உயரமாக நிற்கும் எந்த வண்டியையும் ஜீப் என்று அழைத்து மகிழும் வழக்கம் உண்டு. ஜீப்பின் வேலையை இவற்றிற் பெரும்பாலானவை செய்யா. முன்சக்கரங்கள் இரண்டினால் மட்டும் இழுக்கப்படும் சாதாரணக் காரே சற்று உயர்த்தப்பட்டு, அகன்ற தோள்களுடன் நிற்கின்றது. அதனால் குறைவு ஒன்றுமில்லை. டொயோட்டா ரைஸ் என்னும் வண்டியை எடுத்துக்கொள்வோர் பலர். அதன் நீளம் நாலு மீற்றருக்கு அரை விரற்கடை குறைவு. நிலத்திலிருந்து 185 மில்லிமீற்றர் உயரம். மூன்று உருளையுடைய 1000 கன சென்றிமீற்றர் இயந்திரம், காற்றை அழுத்தி ஊட்டும் டர்போவுடன். நிறை ஏறக்குறைய ஒரு தொன். ஹொண்டா வெசெல் இதனிலும் ஓர் அடி நீண்டது, உள்ளே இடவசதி கூடியது. அதில் ஹைபிரிட் அமைப்பும் உண்டு. புதிய அவுட்லாண்டரோ 4.7 மீற்றர் நீளமும் இரண்டு தொன்னுக்கு மேற்பட்ட நிறையும் உடையது. இரண்டு ரைஸ் வண்டிகளைத் தராசின் ஒரு தட்டில் ஏற்றினாலும் மற்றைத் தட்டு உயராது. எனவே இவ்விரண்டையும் ஒப்பிடுவோர், தாம் ஒப்பிடுவது ஒத்த பொருள்களை அல்ல என்பதை முதலிலேயே உணர்தல் வேண்டும்.

நிற்க, மின்சாரத்தில் ஓடுவது மலிவு என்ற பேச்சு எங்கும் கேட்கின்றது. எவ்வளவு மலிவு, எவருக்கு மலிவு என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பவர் குறைவு. கணக்கு கடினமானதன்று. இரண்டு தொன் நிறையுள்ள பிளக்-இன் வண்டி, குளிரூட்டியும் மின்னேற்றத்தின்போது கழியும் வீணும் சேர்ந்து, ஓர் அலகு மின்சாரத்தில் நாலு கிலோமீற்றர் ஓடும் எனக் கொள்ளலாம். ஒரு தொன் நிறையுள்ள சிறிய பெற்றோல் வண்டி நகர நெரிசலில் ஒரு லீற்றருக்குப் பன்னிரண்டு கிலோமீற்றர் ஓடும் எனக் கொண்டால், மூன்று அலகு மின்சாரமும் ஒரு லீற்றர் பெற்றோலும் ஒரே வேலையைச் செய்கின்றன. ஆகவே, வீட்டு மின்சாரப் பட்டியலில் ஓர் அலகின் விலையை மூன்றாற் பெருக்கி, வருந்தொகையைப் பெற்றோல் விலையுடன் ஒப்பிட்டுப் பார்த்தால் இலாபநட்டம் தெரிந்துவிடும். விலைகள் மாறலாம், இந்தப் பெருக்கல் மாறாது.

ஓர் எடுத்துக்காட்டுக்காகப் பெற்றோல் லீற்றர் 300 ரூபா, மின்சாரம் அலகு 70 ரூபா எனக் கொள்க. நாளொன்றுக்கு 40 கிலோமீற்றர் ஓடுபவருக்குச் சிறிய பெற்றோல் வண்டியில் 1000 ரூபாவும், பிளக்-இன் வண்டியில் 700 ரூபாவும் செலவாகும். மிச்சம் 300 ரூபா. மாதம் இருபத்தைந்து நாள் ஓடினால் 7,500, ஆண்டுக்கு 90,000, பத்தாண்டுக்கு 9 இலட்சம். ஆனால் இரண்டு வண்டிகளின் கொள்விலைக்கும் இடையே உள்ள வித்தியாசம் பல பத்து இலட்சங்கள். இலங்கையில் ஹைபிரிட்டுகளுக்கும் பெற்றோல் வண்டிகளுக்கும் இயந்திரத்தின் கொள்ளளவை வைத்து வரி விதிக்கப்படுவதால், 2400 கன சென்றிமீற்றர் இயந்திரத்தைச் சுமக்கும் பெரிய வண்டி துறைமுகத்தைத் தாண்டும்போதே அந்த வித்தியாசம் மலைபோல் வளர்ந்துவிடுகின்றது. பெற்றோற் செலவு மிச்சமாகும் என்ற ஒரே காரணத்துக்காகச் சிறிய வண்டியை விட்டுப் பெரிய பிளக்-இன் வண்டியை வாங்குபவர், அந்த மிச்சத்தைக் கொண்டு விலைவித்தியாசத்தை ஒருநாளும் மீட்கமாட்டார். இதனை விற்பனையாளர் எவரும் எடுத்துச் சொல்வதில்லை.

இன்னொரு நுட்பமும் உண்டு. எதிரே நிற்பது வெறும் பெற்றோல் வண்டியாக இல்லாமல் சாதாரண ஹைபிரிட்டாக இருப்பின் கணக்கே வேறாகின்றது. அது நகரில் லீற்றருக்குப் பதினெட்டு கிலோமீற்றர் ஓடுமாயின், மேற்சொன்ன 40 கிலோமீற்றருக்கு 667 ரூபாவே செல்லும். சுவரிற் செருகிய பெரிய வண்டிக்கோ 700. நெரிசலான பாதையில் நின்றும் ஊர்ந்தும் செல்லும் வண்டிக்கு, வேகத்தணிப்பில் சக்தியை மீட்கும் அந்தச் சிறிய மின்கல அடுக்கே பெருந்துணை. கொழும்பின் காலி வீதியில் மாலை ஐந்து மணிக்கு ஊர்ந்தவர்கள், சாதாரண ஹைபிரிட்டின் எண்ணெய்முள் அசையாமல் நிற்பதைக் கண்டு வியந்திருப்பர்.

அலகு 70 ரூபா என மேலே கொண்டதற்குக் காரணம் உண்டு. வீட்டு மின்சாரக் கட்டணம் படிப்படியாக ஏறும் அமைப்புடையது. மாதம் 180 அலகைத் தாண்டிய பின் வரும் ஒவ்வோர் அலகும் மிக உயர்ந்த படியில் விலை மதிக்கப்படும். நாளுக்கு 40 கிலோமீற்றர் மின்சாரத்தில் ஓடுபவரின் வண்டி மாதம் 250 அலகு குடிக்கும். இதுவரை 90 அலகுடன் அடங்கியிருந்த வீடு திடீரென 340 அலகுக்கு ஏறும். இதற்கு மாற்றுவழி இல்லாமல் இல்லை. நேரத்தைப் பொறுத்து விலை மாறும் கட்டணமுறை ஒன்று வீட்டுப் பாவனையாளர் விரும்பித் தெரியக்கூடியதாக வகுக்கப்பட்டுள்ளது. அம்முறையில் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை மின்சாரம் மிக விலை கூடியது, இரவு 10.30 முதல் அதிகாலை 5.30 வரை மிக மலிவானது. வண்டியை இரவுணவுக்குப் பின் செருகி, மின்னேற்றம் 10.30க்குப் பின் தொடங்குமாறு நேரங்குறித்து விடுபவருக்கு மேற்சொன்ன கணக்கு முற்றாக மாறிவிடும். ஆனால் அதே முறையில், மாலை ஏழு மணிக்குச் சமையலறையில் எரியும் ஒவ்வோர் அலகும் உச்ச விலைக்கு வருமாதலால், வீட்டுக்காரியையும் கலந்தாலோசித்தே முடிவுசெய்தல் வேண்டும்.

கூரையிற் சூரியத்தகடு பொருத்தியவர்கள் தமக்கு இத்தொல்லை இல்லை என்பர். 2016ஆம் ஆண்டில் சூரிய பல சங்கிராமய என்ற திட்டம் தொடங்கியபின் பல வீட்டுக் கூரைகள் இவ்வாறு மினுங்கத் தொடங்கின. பகலில் உண்டாகும் மின்சாரத்தைக் கொடுத்து இரவில் அலகுக்கு அலகாகத் திருப்பிப் பெறும் உடன்படிக்கை உடையவருக்குப் பிளக்-இன் வண்டி உண்மையாகவே இலாபமானது. எல்லா உடன்படிக்கைகளும் அவ்வாறு அமைந்தவை அல்ல. மேலும், பொதுமின் வழங்கலுடன் இணைந்த சாதாரண சூரிய அமைப்பு, வீதியில் மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். வெயில் கொளுத்தும் நண்பகலில் தகடு நிறைந்த கூரையின் கீழ் விசிறி சுற்றாமல் வேர்த்திருப்பது பலருக்குப் புதிராகவே உள்ளது.

மின்தடை என்றதும் 2022ஆம் ஆண்டு நினைவுக்கு வராதவர் இலர். அவ்வாண்டு யூன் மாத இறுதியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்கு ஏறியது. அந்த விலைக்கும் கிடைக்காமல் வண்டிகள் நாட்கணக்கில் வரிசையில் நின்றன. பின்னர் கியூ.ஆர். அட்டைமுறை வந்தபோது ஒரு காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர் என அளந்து கொடுக்கப்பட்டது. அந்த வரிசையில் நின்ற அனுபவமே பலரைப் பிளக்-இன் வண்டியின் பக்கம் திருப்பியிருக்கின்றது. ஒரு கயிறு அறுந்தால் மற்றைக் கயிறு தாங்கும் என்பது அவர்கள் எண்ணம். அது பாதி உண்மை. அதே ஆண்டு மார்ச்சு மாத முடிவில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை நீண்டது. பெற்றோலும், மின்நிலையங்களுக்கு வேண்டிய நிலக்கரியும் எண்ணெயும் ஒரே வெளிநாட்டுச் செலாவணிப் பெட்டியிலிருந்து வாங்கப்படுவன. பெட்டி வெறுமையானபோது இரண்டு கயிறுகளும் ஒன்றாகவே தளர்ந்தன. ஆயினும் மின்வெட்டு சில மணித்தியாலமாகக் குறைந்த பின்னரும் பெற்றோல் வரிசை நீடித்தது. அந்த வாரங்களில் செருகி ஓட்டக்கூடிய வண்டி வைத்திருந்தவர் மருத்துவமனைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்வந்தார்; மற்றவர் சைக்கிளைத் தேடினார். இந்த நிம்மதிக்கு என்ன விலை கொடுக்கலாம் என்பதை ரூபாக் கணக்கு மட்டும் தீர்க்காது. வீட்டில் நாட்பட்ட நோயாளர் ஒருவர் இருக்கும் குடும்பம் அதை வேறுவிதமாகவே நிறுக்கும்.

இடையில் ஒன்று: இறக்குமதிக் கதவு திறந்த எட்டாம் நாள், 2025 பெப்புருவரி 9ஆந் திகதி, நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உபமின் நிலையத்துக்குட் புகுந்த குரங்கு ஒன்றே காரணம் என அமைச்சர் அறிவித்தார். மின்வண்டி வாங்க எண்ணியிருந்தோருக்கு அஞ்சனை மைந்தன் குலத்தவர் அனுப்பிய எச்சரிக்கை அது என்று நகைச்சுவையாகப் பேசிக்கொண்டோரும் உண்டு.

இனி வண்டி இரவில் எங்கே உறங்குகின்றது என்ற கேள்விக்கு வரலாம். பிளக்-இன் வண்டி வாங்குபவர் கேட்கவேண்டிய முதற் கேள்வி இதுவே. வெள்ளவத்தையில் மாடிக் குடியிருப்பொன்றின் நாலாம் தட்டில் வாழும் உத்தியோகத்தரை நினைத்துக்கொள்க. கோட்டையிலுள்ள அவர் கந்தோர் எட்டுக் கிலோமீற்றர் தூரம். நாளொன்றுக்குப் பதினாறு கிலோமீற்றர். மின்சாரத்தால் ஓடுவதற்கு இதைவிடப் பொருத்தமான தூரம் இல்லை. ஆனால் வண்டி நிற்பது நிலக்கீழ்த் தரிப்பிடத்தில். அங்கே செருகி இல்லை. இருக்கும் ஒன்றிரண்டும் பொதுச்செலவு மின்மானியில் இணைந்தவை. நாலாம் தட்டிலிருந்து வயர் தொங்கவிட முகாமையாளர் இடங்கொடார். சில வாரங்களில் அவர் செருகுவதை மறந்துவிடுவார். அதன்பின் அவரது வண்டி, இரண்டு மூன்று ஆள் நிறையுள்ள மின்கல அடுக்கை வீணே சுமந்து திரியும் பெற்றோல் வண்டி.

இது கற்பனைப் பயம் அன்று. ஐரோப்பிய ஆணைக்குழு, 2021ஆம் ஆண்டிற் பதிவான வண்டிகள் தாமே பதிந்து வைத்த எரிபொருட் கணக்கைச் சேர்த்து ஆராய்ந்து 2024இல் வெளியிட்ட அறிக்கையில், பிளக்-இன் ஹைபிரிட்டுகள் உண்மையில் வெளியிட்ட கரிவாயு பரிசோதனைச் சாலை கூறிய அளவைப்போல் சராசரி மூன்றரை மடங்கு எனக் கண்டது. பெற்றோல் வண்டிகளில் அவ்வித்தியாசம் ஐந்திலொரு பங்கு அளவே. வண்டியிற் குறை இல்லை; செருகவேண்டியவர் செருகவில்லை. பிரித்தானிய அரசு இவ்வண்டிகளை வாங்குவோருக்குக் கொடுத்துவந்த உதவிப்பணத்தை 2018இல் நிறுத்திக்கொண்டது. கம்பனிச் செலவிற் பெற்றோல் அடித்தவர்கள், மின்னேற்றும் வடத்தை உறைகூடப் பிரிக்காமல் வண்டியைத் திருப்பிக் கொடுத்த கதைகள் அங்கே பத்திரிகைகளில் வந்தன.

இதற்கு மாறாகப் பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாண நகருக்கு நாள்தோறும் போய்வரும் ஆசிரியை ஒருவரின் நிலையைப் பாருங்கள். போக முப்பத்துமூன்று கிலோமீற்றர், வர முப்பத்துமூன்று. வீடு வளவோடு கூடியது. முன்மண்டபத்தில் வண்டி நிற்கும். சுவரில் செருகி வைக்க எவரையும் கேட்கவேண்டியதில்லை. குடாநாட்டு நிலம் தட்டையானது. வீதிகளின் வேகமும் மிதமானது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளருமாதலால் மிதவேகம் மின்சாரத்துக்கு நண்பன். பிளக்-இன் வண்டி தன் திறமையை முழுதாகக் காட்டக்கூடிய நிலம் யாழ்ப்பாணக் குடாநாடு என்றே சொல்லலாம். புதிய 20 அலகு மின்கல அடுக்கு அவரைப் போகவும் வரவும் கொண்டுசேர்க்கும். ஆனால் பத்தாண்டு பழைய 12 அலகு வண்டியை மலிவு கண்டு வாங்கினால், தேய்ந்த அடுக்கு திரும்பும் வழியில் அச்சுவேலிக்கு முன்பே கைவிட்டு இயந்திரத்தை எழுப்பிவிடும். தை மாதத்தில் ஒருமுறை கொழும்புக்குப் போகும் நானூறு கிலோமீற்றர்ப் பயணத்திலோ, பழைய வண்டியின் மின்சாரம் ஆனையிறவைத் தாண்டுவதற்குள்ளும் புதியதன் மின்சாரம் கிளிநொச்சியை அண்டியும் தீர்ந்துவிடும். எஞ்சிய தூரம் முழுவதும் அது பெற்றோல் எரிக்கும் இரண்டு தொன் வண்டி. ஆண்டில் ஒருமுறைப் பயணத்துக்காக நாளாந்த வண்டியைத் தெரிவது, விருந்தாளிக்காகச் சட்டியளவு தீர்மானிப்பதை ஒக்கும் என்பதால் இதைப் பெரிதுபடுத்தத் தேவையில்லை.

மலைநாட்டுக் கணக்கு இன்னும் சுவையானது. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் உள்ளது. இரண்டு தொன் வண்டி அங்கிருந்து சமவெளிக்கு இறங்கும்போது அது இழக்கும் உயரத்தின் சக்தியை மின்சாரமாகக் கணித்தால் ஏறக்குறைய பத்து அலகு வரும். இதில் ஒரு பாதி உருளும் சக்கரத்திலும் காற்றிலும் கழிந்தாலும், மறுபாதியை மோட்டார் மீட்கலாம். பிளக்-இன் வண்டியின் பெரிய மின்கல அடுக்கில் அதற்கு இடம் உண்டு. சாதாரண ஹைபிரிட்டின் ஓர் அலகுப் பெட்டியோ சில கிலோமீற்றர் இறக்கத்திலேயே நிரம்பி வழியும். அதன்பின் இயந்திரத்தின் எதிர்ப்பும் தடைக்கட்டையுமே துணை. அதனால் மலையில் வாழ்ந்து பள்ளத்துக்கு இறங்கி ஏறுபவருக்குப் பிளக்-இன் வண்டி ஒரு தனி நன்மை தருகின்றது. ஒன்றை மட்டும் அவர் மறக்கலாகாது: மலையுச்சி வீட்டில் இரவு முழுவதும் செருகி அடுக்கை நிறைத்துக்கொண்டு காலையில் இறங்கினால், மீட்கும் சக்தியை வைக்க இடமிராது. அத்தகையவர் ஐந்திலொரு பங்கை வெறுமையாக விட்டே புறப்படுதல் புத்தி.

சிறிய வண்டியும் மலையில் இளைத்துவிடுவதன்று. நுவரெலியா உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையிலும் ஐந்திலொரு பங்கு குறைவு. சாதாரண இயந்திரம் அந்த அளவுக்கு மூச்சு வாங்கும். காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ அக்குறையைப் பெருமளவு ஈடுசெய்வதால், 1000 கன சென்றிமீற்றர் இயந்திரமும் கடுகண்ணாவ ஏற்றத்தையும் அதற்கப்பாலும் தளராமல் ஏறுகின்றது. நாலுபேரும் மூட்டைகளும் நிறைந்த நாளில் எண்ணெய் சற்று அதிகம் குடிக்கும், அவ்வளவே. தேயிலைத் தோட்டத்து ஒடுங்கிய வீதியில் எதிரே பேருந்து வரும்போது, ஒதுங்க இடம் தேடும் சாரதிக்குச் சிறிய உடல் எத்தகைய வரம் என்பதை அவ்வழி போனவர் அறிவர்.

யப்பானில் ஓடிய வண்டியை இறக்கி வாங்குவோர் கவனிக்கவேண்டியன சில உண்டு. இலித்தியம் மின்கலம் வெப்பத்தில் விரைந்து மூப்படைவது. முழுதாக நிரப்பி வெயிலில் நாட்கணக்கில் நிறுத்தி வைப்பதே அதற்குப் பெருந்தீங்கு. வேப்பமர நிழலோ தகரக் கொட்டகையோ அதன் ஆயுளுக்கு ஆண்டுகளைச் சேர்க்கும். யப்பானில் உற்பத்தியாளர் கொடுக்கும் எட்டாண்டு உத்தரவாதம், தனியார் இறக்குமதியாளர் ஊடாக வந்த வண்டியோடு சேர்ந்து வருவது அரிது. எனவே ஓட்டிப் பார்ப்பதோடு நில்லாமல், மின்கல அடுக்கில் எஞ்சியுள்ள கொள்ளளவைக் கருவி மூலம் வாசித்துக் காட்டும்படி கேட்டல் வேண்டும். தூரமானியை விட அந்த எண்ணே வண்டியின் வயதைச் சொல்லும். சாதாரண ஹைபிரிட்டின் அடுக்கு பழுதானால், பஞ்சிகாவத்தைப் பக்கத்துத் தொழிலாளர் கலங்களைத் தனித்தனியே மாற்றிக் கொடுக்கப் பழகியிருக்கின்றனர். அத்தகைய கைப்பழக்கம் பெரிய பிளக்-இன் அடுக்குகளுக்கு இன்னும் பரவலாக வரவில்லை. 2014ஆம் ஆண்டளவில் வந்த முதல் வெசெல் வண்டிகளின் இரட்டைக் கிளச்சு அமைப்புக்காக உற்பத்தியாளரே அவற்றைப் பலமுறை மீள அழைத்துத் திருத்தினார். அந்தத் திருத்தம் செய்யப்பட்டதா என்பதை வண்டியிலக்கத்தைக் கொண்டு விசாரித்தறியலாம்.

மின்தடையின்போது வண்டியிலிருந்து வீட்டுக்கு மின்சாரம் எடுக்கலாம் என்று விற்பனையாளர் ஆசைகாட்டுவதுண்டு. யப்பானிய உள்நாட்டுச் சந்தைக்கென்று செய்யப்பட்ட வண்டியின் 1500 வாற்று வெளியீடு, அந்நாட்டு வழக்கப்படி 100 வோல்ற்றில் அமைந்தது. இலங்கையின் விசிறியும் குளிர்ப்பெட்டியும் 230 வோல்ற்றுக்குரியவை. இடையே தக்க மின்மாற்றி வைக்காமல் செருகினால் விசிறி சோம்பேறித்தனமாகச் சுற்றும்; குளிர்ப்பெட்டியின் மோட்டார் சுடும்.

எதிர்த்திசையில், வீட்டுச் செருகியும் அவ்வளவே கவனத்துக்குரியது. சுவரிலுள்ள 13 அம்பியர்ச் செருகி கேத்தலுக்கும் இஸ்திரிப்பெட்டிக்கும் என்று அமைந்தது. அவை சில நிமிடங்களில் அணைந்துவிடுவன. வண்டியோ 10 அம்பியரை இடைவிடாமல் எட்டு ஒன்பது மணித்தியாலம் இழுக்கும். தளர்ந்த திருகாணி ஒன்று இருந்தால், இரவு இரண்டு மணிக்கு எல்லோரும் உறங்கும்போது செருகியின் முகம் உருகத் தொடங்கும். சாதாரண வீட்டுக்கு வரும் இணைப்பு 30 அம்பியர்; சுடுநீர்க் கருவியும் குளிரூட்டியும் வண்டியும் ஒன்றாக இழுத்தால் ட்ரிப் சுவிச் விழுந்துவிடும், விழுவதே நல்லது. ஆதலால் பிளக்-இன் வண்டி வாங்கத் தீர்மானித்தவர், வண்டி வருவதற்கு முன்பே அனுமதிபெற்ற மின்வினைஞரை அழைத்து, பிரதான பலகையிலிருந்து தனியான தடித்த வயர் ஒன்றை முன்மண்டபத்துக்கு இழுப்பித்து, அதற்கெனத் தனிச் சுவிச்சும் பழுதற்ற நிலத்தொடுப்பும் போடுவித்துக்கொள்ளல் வேண்டும். வண்டியோடு வரும் வடத்தின் நுனியில் யப்பானியச் செருகி இருப்பின், அதை வெட்டி மாற்றும் வேலையையும் அவரிடமே விடுக. சந்தையில் வாங்கிய மாற்றுமுனையில் இரவு முழுவதும் அந்தப் பாரத்தை ஏற்றுதல் ஆகாது.